யாரும் கேள்வி கேட்காத அத்தை: சுவிஸ் 'யூ-ஏர்' விமானச் சேவை, ஒரு நிகழ்வு ஆய்வு

சூரிச் வட்டாரத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். 2018 வரை, கோடைக்கால வார இறுதியில், ஜெட் இரைச்சலுக்கு நடுவே, பாரம் ஏற்றிய பழைய லாரி மேடேறுவதுபோல் அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்கும். நிதானமாக வரும், நிதானமாகவே போகும். நிமிர்ந்து பார்த்தால் மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்று என மூன்று எஞ்சின். தகரக் கொட்டகைக்கு இறக்கை முளைத்த மாதிரி வரிவரியான உலோக உடம்பு. யுங்கர்ஸ் யூ-52. ஜெர்மன் பேசுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'டான்டே யூ'. நம் வாயில் சொன்னால், யூ அத்தை.

2018 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு, அந்த அத்தைகளில் ஒன்று கிராபுண்டன் மாநிலத்து ஃபிளிம்ஸ் ஊருக்கு மேலே, பிட்ஸ் செக்னாஸ் என்ற மலையின் மேற்குப் பக்கத்தில், கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரையில் மோதியது. 17 பயணிகள், 2 விமானிகள், ஒரு விமானப் பணிப்பெண். 20 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வேறு விமானத்தோடு மோதல் இல்லை, தீ இல்லை, புயல் இல்லை. பகல் வெளிச்சத்தில், கண்ணுக்கு எதிரே மலை தெரியும் நேரத்தில் நடந்தது. விமானிகள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். விமானப்படையிலும் பயணிகள் விமானங்களிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பறந்தவர்கள்.

இவ்வளவு அனுபவம் இருந்தும் ஏன் விழுந்தது என்பதுதான் அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி. இரண்டரை ஆண்டுகள் கழித்து வந்த விசாரணை அறிக்கையைப் படித்தால், கேள்வியையே மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. அதற்கு விபத்து நாளிலிருந்து தொடங்குவது சரிவராது. அத்தை அந்த வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போர்க்கால விமானம், ஓய்வுக்கால வேலை

யூ-52 முதன்முதலில் பறந்தது 1930-இல், ஒற்றை எஞ்சினோடு. இரண்டு ஆண்டு கழித்து மூன்று எஞ்சின் வடிவம் வந்தது. உலகம் அறிந்தது அதைத்தான். வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் சிண்டல். நெளிதகட்டால் உடம்பு செய்வது நிறுவனர் ஹூகோ யுங்கர்ஸின் முத்திரை. எடை கூடாமல் விறைப்பு கிடைக்கும் என்பதால் அந்த நெளிவு. கூரைக்குத் தகரம் போடும்போது நாம் நெளிதகடு வாங்கும் அதே காரணம்தான். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் 1933-இல் யுங்கர்ஸின் நிறுவனத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். 1935-இல் அவர் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய விமானம்தான் 1937-இல் ஸ்பெயினின் கெர்னிகா ஊரின் மேல் குண்டு போட்டது, 1941-இல் கிரீட் தீவில் ஜெர்மானிய வான்குடைப் படையை இறக்கியது. 'அத்தை' என்று கொஞ்சும்போது இந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து 1939-இல் தன் விமானப்படைக்கு மூன்று யூ-52 வாங்கியது. உலகின் மற்ற மூலைகளில் இந்த ரகம் சுடப்பட்டும் உடைக்கப்பட்டும் காணாமல் போனபோது, இந்த மூன்றும் சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள டூபெண்டார்ஃப் ராணுவ விமானத்தளத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தன. 1980-களின் தொடக்கத்தில் ஓய்வு கொடுக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கோ பழைய இரும்புக்கோ போயிருக்க வேண்டியவை. சுவிஸ் விமானப்படை நண்பர்கள் சங்கம் குறுக்கே வந்தது. ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, 'பறக்கிற நிலையிலேயே வைத்துக் காப்போம்' என்று 1982-இல் யூ-ஏர் என்ற சேவையைத் தொடங்கினார்கள்.

ராணுவ எண்கள் போய் மூன்றுக்கும் சிவில் பதிவு எழுத்துகள் வந்தன: எச்பி-எச்ஓஎஸ், எச்பி-எச்ஓடி, எச்பி-எச்ஓபி. பின்னாளில் நான்காவதாக, யுங்கர்ஸ் உரிமத்தின் கீழ் ஸ்பெயினில் கட்டப்பட்ட அதே ரக விமானம் ஒன்றும் சேர்ந்தது. 2018-இல் விழுந்தது எச்பி-எச்ஓடி. அப்போது அதற்கு வயது 79.

நன்கொடையை வைத்து ஒரு விமானத்தை நிறுத்தி வைக்கலாம். பறக்க வைக்க முடியாது. மூன்று பிஎம்டபிள்யூ எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் நட்சத்திர வடிவில் அடுக்கிய ஒன்பது சிலிண்டர். ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் பெட்ரோல் குடிக்கும். தொழிற்சாலையே இல்லாமல் போன விமானத்துக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது, கடைந்துதான் செய்ய வேண்டும். அதனால் டிக்கெட் விற்றார்கள். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை பறப்பு, குளிர்காலத்தில் ஹேங்கரில் பிரித்துப் பழுதுபார்ப்பு. பெரும்பாலும் தன்னார்வலர்கள், லாப நோக்கம் இல்லை. விமானிகள் பலர் டூபெண்டார்ஃபிலேயே இளமையில் போர் விமானம் ஓட்டியவர்கள். பிறகு பெரிய நிறுவனங்களில் கேப்டன்களாக இருந்தவர்கள்.

அந்த டிக்கெட்டில் என்ன விற்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண விமான நிறுவனம் விற்பது தூரத்தை. ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிட்டால் கணக்கு முடிந்தது. சுற்றிக்காட்டும் விமானம் விற்பது சன்னலை. யூ-52-இல் 17 இருக்கை. நடுவே நடைபாதை, பக்கத்துக்கு ஒற்றை வரிசை, எல்லோருக்கும் சன்னல். மணிக்கு 180 கிலோமீட்டர் அளவில்தான் ஊர்ந்து போகும் என்பதால், பனியாறு, கணவாய், ஏரி எல்லாம் நின்று நிதானித்துக் கடக்கும். நடுவழியில் எழுந்து நடக்கலாம், விமானி அறையை எட்டிப் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சாதாரணப் பயணிகள் விமானங்களில் கிடைக்காத சுகம் இது.

சன்னலை விற்கிறவனுக்கு மலை கிட்டத்தில் இருந்தால் நல்லது. மலைப்பறப்பின் விதியோ மலையை விட்டுத் தள்ளியிரு என்கிறது. இந்த இழுபறி சுற்றுலா விமானத் தொழில் எங்கிருந்தாலும் இருக்கும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனிலும் இருந்தது, ஹவாயிலும் இருந்தது. அதைச் சமாளிக்கத் தெரிந்த நிறுவனம் ஒரு கோட்டைப் போட்டு, 'இதற்குக் கீழே போகாதே' என்று எழுதி வைக்கும். எழுதியதோடு விடாமல், யார் போனார்கள் என்று பார்க்கவும் செய்யும். யூ-ஏரில் இரண்டாவது வேலை நடக்கவில்லை.

அந்த இரண்டு நாள் சுற்றுலா

ஆகஸ்ட் 3 அன்று டூபெண்டார்ஃபிலிருந்து கிளம்பிய குழு, ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிசினோ பக்கம் போய், மறுநாள் மாலை அதே விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. 4-ஆம் தேதி மாலை நான்கு மணி வாக்கில் லொக்கார்னோவிலிருந்து விமானம் எழும்பியது. வடக்கே திரும்பி, பள்ளத்தாக்குகள் வழியாக உயரம் பிடித்து, ரைன் ஆற்றின் கிளையான முன்-ரைன் பள்ளத்தாக்கை எட்டியது. அதன் வடகரையில் ஃபிளிம்ஸ். ஊருக்கு மேலே ஒரு கிண்ணம் மாதிரியான மலைக்குடைவு, மூன்று பக்கமும் பாறை. கிண்ணத்தின் வடக்கு விளிம்பில் சுமார் 2,600 மீட்டரில் செக்னெஸ் கணவாய். அதை ஒட்டி 3,099 மீட்டரில் பிட்ஸ் செக்னாஸ் சிகரம். கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் கிளாரஸ் மாநிலம், அதற்கப்புறம் சூரிச் சமவெளி. பக்கத்திலேயே பாறைச் சுவரில் இயற்கையாக அமைந்த மார்ட்டின்ஸ்லோக் என்ற ஓட்டை. சன்னல் வியாபாரத்துக்கு அதைவிட அழகான பாதை கிடைக்காது.

விமானம் தெற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி அந்தக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. சுற்றியிருந்த சிகரங்களைவிடத் தாழ்வாக, கணவாய்க்கு மேல் கொஞ்சமே இடைவெளி விட்டு. கிண்ணத்தின் வட முனைக்குக் கிட்டே வந்ததும் வலப்புறம் ஒரு திருப்பம். உடனே இடப்புறம் ஒரு திருப்பம். அந்த இடத் திருப்பம் நிமிரவே இல்லை. சுழன்றுகொண்டே கீழிறங்கும் பாதையாக மாறியது. அடுத்த சில வினாடிகளில் எல்லாம் முடிந்தது.

விமானத்தில் கறுப்புப் பெட்டி இல்லை. அந்த வயதுள்ள விமானத்துக்கு அது கட்டாயமும் இல்லை. ரேடார் தடத்தோடு, கீழே மலையேறிக்கொண்டிருந்தவர்கள் எடுத்த படங்களையும், பயணிகளின் கைபேசிகளிலிருந்தும் கேமராக்களிலிருந்தும் மீட்ட படங்கள், காணொளிகளையும் வைத்துத்தான் விசாரணையாளர்கள் கடைசி நிமிடங்களைத் திரும்பக் கட்டினார்கள். சன்னல் வழியே தெரிந்த பாறையின் இருப்பிடத்தை வைத்து, அந்த நொடியில் விமானம் எங்கே, எவ்வளவு சாய்ந்து இருந்தது என்று கணக்கிட்டார்கள். இறக்கை, பாறை, மேகம் என்று ஆசையோடு எடுத்த படங்கள்.

கிண்ணத்துக்குள் காற்று

இந்த இடத்தில் கொஞ்சம் இயற்பியல் இல்லாமல் விஷயம் புரியாது.

இறக்கை தூக்குவதற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. காற்றை அது எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதும்தான். கோணத்தைக் கூட்டக் கூட்டத் தூக்கல் கூடும், ஓர் எல்லை வரை. எல்லையைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேல்புறத்தை விட்டுப் பிய்த்துக்கொள்ளும், தூக்கல் சரிந்துவிடும். விமானிகள் பேச்சில் இது ஸ்டால். எஞ்சின் நின்றுபோவது என்று நம்மூர்ச் செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். இதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று எஞ்சினும் முழங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகும்.

மெதுவாகப் பறக்கிற விமானம் ஏற்கெனவே அந்த எல்லைக்குக் கிட்டே இருக்கிறது. குறைந்த வேகத்தில் உயரம் காக்க மூக்கைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், அதாவது கோணம் ஏற்கெனவே அதிகம். இப்போது அது மலைக்கிண்ணத்துக்குள் இருக்கிறது. கோடை மதியத்தில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலேறும், நிழல் சரிவில் இறங்கும். கணவாய் வழியே வீசும் காற்று விளிம்பில் மோதிச் சுருளும். இறங்கும் காற்றிலிருந்து ஏறும் காற்றுக்குள் விமானம் நுழையும் கணத்தில், கீழிருந்து ஒரு தள்ளு வரும். விமானி எதையும் தொடாமலே இறக்கையின் கோணம் எகிறும். வேகம் கைவசம் இருந்தால் இது ஒரு குலுக்கல்தான், காபி சிந்தும். வேகம் இல்லையென்றால் எல்லை தாண்டிவிடும்.

ஸ்டால் ஆனாலும் பிழைக்க வழி உண்டு. மூக்கைத் தாழ்த்தி, விழுந்து, வேகம் பிடித்து, மீண்டும் எழும்பலாம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் முதல் மாதத்தில் சொல்லித்தருவார்கள். அதற்கு வேண்டியது கீழே காலி இடம். எச்பி-எச்ஓடிக்குக் கீழே பாறை இருந்தது.

திரும்பிப் போயிருக்கலாமே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்த்து ஒரு வட்டம் அடித்தால் அதன் குறுக்களவு ஏறத்தாழ 880 மீட்டர் வரும். சாய்வை 45 பாகைக்குக் கூட்டினால் வட்டம் 510 மீட்டராகச் சுருங்கும். ஆனால் ஸ்டால் ஆகும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். மெதுவாக வந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் மலைப்பறப்பில் பாலபாடமாகச் சொல்வது: பள்ளத்தாக்கின் நடுவே போகாதே, ஒரு ஓரமாகப் போ, அப்போதுதான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். கணவாயை நேராகக் கடக்காதே, சாய்வாக அணுகு, சரிவரவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். விளிம்புக்கு மேல் குறைந்தது 300 மீட்டர் வைத்துக்கொள். இவற்றில் ஒன்றும் ரகசியம் இல்லை. அந்த விமானிகள் இருவரும் மற்றவர்களுக்கே இதைச் சொல்லித்தரக்கூடிய நிலையில் இருந்தவர்கள்.

36-இல் ஒன்று மட்டும் விழுந்தது

சுவிட்சர்லாந்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை வாரியம் தன் இறுதி அறிக்கையை 2021 ஜனவரி 28 அன்று வெளியிட்டது. இத்தகைய வாரியங்களின் வேலை காரணம் கண்டுபிடிப்பது; குற்றம் சுமத்துவது நீதிமன்றத்தின் வேலை. இருந்தும் அறிக்கையின் மொழி நேரடியாகவே இருந்தது. மிக அபாயகரமான முறையில், குறைந்த உயரத்தில், மாற்று வழி இல்லாத குறுகலான பள்ளத்தாக்குக்குள் விமானத்தைச் செலுத்தினார்கள். அந்தப் பாதைக்கு ஆபத்தான அளவு குறைந்த வேகத்தில் பறந்தார்கள். நேரடிக் காரணம் இவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் 'விமானிகளின் தவறு' என்ற வழக்கமான கட்டத்துக்குள் போட்டு மூடியிருக்கலாம். விசாரணையாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: அன்றைக்கு மட்டும்தானா இப்படி? அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து விபத்து வரை யூ-ஏர் நடத்திய 216 பறப்புகளின் தடங்களை எடுத்து அலசினார்கள். அவற்றில் 36-இல், அதாவது ஆறில் ஒன்றில், அடிப்படைப் பாதுகாப்பு விதிகள் மோசமாக மீறப்பட்டிருந்தன.

எனக்கு இந்த அறிக்கை முழுவதிலும் முக்கியமாகப் படுவது இந்த எண்தான். எச்பி-எச்ஓடி கிண்ணத்துக்குள் நுழைந்தது பைத்தியக்காரத்தனமான ஒரு நாளின் முடிவு இல்லை. அது வழக்கம். வழக்கமாகச் செய்து வழக்கமாகத் தப்பித்த காரியம். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் 'இது பாதுகாப்பானது' என்பதற்கு ஒரு சான்று கூடிக்கொண்டே போயிருக்கும். கயிற்றில் நடப்பவன் நூறு முறை விழாமல் நடந்துவிட்டால் கயிறு அகலமாகிவிடாது. அவனுக்கு மட்டும் அப்படித் தோன்றும்.

இன்னொரு கண்டுபிடிப்பு ஊரில் பலரைச் சுட்டது. விமானப்படையில் பயிற்சி பெற்று வந்த விமானிகளிடம்தான் இந்த விதிமீறல் முறையாகப் பழகிப்போன ஒன்றாகத் தெரிந்தது என்று அறிக்கை சொன்னது. போர் விமானத்தில் பள்ளத்தாக்குக்குள் தாழப் பறப்பது உயிர் காக்கும் திறமை. எதிரி ரேடார் பிடிக்காது. அங்கே முதுகுக்குப் பின்னால் ஜெட் எஞ்சினும், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கையும் இருந்தன. இங்கே 1939-இல் செய்த இறக்கையும் பின்னால் 17 பயணிகளும். கையின் பழக்கம் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. இருவர் இருக்கும் விமானி அறையில் ஒருவர் தவறினால் மற்றவர் தடுப்பார் என்பது ஏற்பாடு. இருவரும் ஒரே பட்டறையில் அடித்தெடுத்தவர்கள் என்றால் யார் யாரைத் தடுப்பது?

தராசு சரியில்லை

விமானத்தில் எடை எவ்வளவு என்பதைப் போலவே எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மிதிவண்டியின் பின்கேரியரில் மூட்டை அதிகமானால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு ஹேண்டில் சொன்னபடி கேட்காதில்லையா, அதே கதை. ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குப் பின்னால் போனால், மூக்கு தூக்கிக்கொள்ளத் துடிக்கும். ஸ்டால் ஆனபின் மூக்கைத் தாழ்த்துவதும் கடினமாகும். அன்று எச்பி-எச்ஓடியின் ஈர்ப்பு மையம் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. கட்டுப்பாடு இழக்க அது துணைபோனது என்றது அறிக்கை.

எப்படித் தாண்டியது? யாரும் அவசரத்தில் கணக்குப் போடாமல் விடவில்லை. நிறுவனம் பயன்படுத்திய கணக்கு மென்பொருளிலேயே பிழை இருந்தது. விமானிகள் ஒழுங்காக எண்களை உள்ளிட்டாலும் சரியான விடை வராது. தராசே கோணலாக இருக்கும்போது கடைக்காரர் நேர்மையானவரா என்று விசாரித்துப் பயனில்லை. பயணிகள் எழுந்து நடமாடலாம் என்ற அந்த இனிமையான வழக்கத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்: நடப்பவர்களோடு மையமும் நடக்கும்.

விமானத்தின் உடல்நிலையும் நன்றாக இல்லை. சிதைவுகளை ஆராய்ந்தபோது அரிப்பும் உலோகக் களைப்பு விரிசல்களும் தென்பட்டன. எஞ்சின்கள் தமக்குரிய திறனைத் தரவில்லை. ஆனால் இவை விபத்துக்குக் காரணம் அல்ல என்பதை வாரியம் தெளிவாகச் சொன்னது. பழைய விமானம், அதனால் விழுந்தது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பாதி ஆறுதல் தரும் விளக்கம், ஆனால் சரியான விளக்கம் இல்லை. புது விமானத்தை அதே கிண்ணத்துக்குள் அதே உயரத்தில் அதே வேகத்தில் ஓட்டியிருந்தாலும் அதே பொறியில்தான் சிக்கியிருக்கும்.

அத்தையிடம் யார் அடையாள அட்டை கேட்பது?

விமானச் சேவை என்றால் அதற்கு மேல் ஓர் அதிகாரம் இருக்கும். சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சி சிவில் விமானப் போக்குவரத்து அலுவலகம். அறிக்கையின் கனமான பகுதி இவர்களைப் பற்றியது. யூ-ஏரின் எண்ணற்ற பாதுகாப்புக் குறைகளை அலுவலகம் கண்டுபிடிக்கவில்லை. கண்ட சிலவற்றிலும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச்செல்லும் வணிகப் போக்குவரத்துக்கு வேண்டிய தகுதிகளே விபத்து நேரத்தில் இந்த விமானத்துக்கு இல்லை. நிறுவனத்துக்குள் நடந்த பல சம்பவங்கள், கடுமையானவை உட்பட, விசாரணை வாரியத்துக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

சுவிஸ் நாட்டு நிர்வாகத்தின் கறார் உலகறிந்தது. ரயில் நேரம் தவறாமைக்குப் பெயர்போன ஊர். அங்கேயே இது எப்படி நடந்தது? அறிக்கை தன் வேலைக்குரிய மொழியில் 'மேற்பார்வை போதவில்லை' என்கிறது. அதற்கு அடியில் இருப்பது என்ன என்பது என் ஊகம்தான். வீட்டுக்கு வந்திருக்கும் அத்தையிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. யூ-ஏர் ஒரு நிறுவனமாக மட்டும் பார்க்கப்படவில்லை. நாட்டின் நினைவுப் பொருளாகப் பார்க்கப்பட்டது. நடத்துபவர்கள் லாபம் பார்க்காத தன்னார்வலர்கள். ஓட்டுபவர்கள் நரைத்த தலையோடு மரியாதைக்குரிய கேப்டன்கள். 36 ஆண்டுகளில் ஒரு பயணிகூட விபத்தில் இறந்ததில்லை. இத்தனையையும் தாண்டி ஓர் இளம் ஆய்வாளர் எழுந்து, 'ஐயா, போன ஞாயிறு அந்தக் கணவாயை எத்தனை மீட்டர் மேலே கடந்தீர்கள்?' என்று கேட்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். லாபத்துக்காகக் குறுக்கு வழியில் போகும் நிறுவனத்தைச் சந்தேகிக்க எல்லோருக்கும் தெரியும். அன்பினால் நடக்கும் நிறுவனத்தைச் சந்தேகிக்க ஒரு படிவமும் இல்லை.

பதின்மூன்று நாளில் தெரிந்தவை

விபத்து நடந்து 13-ஆம் நாள், ஆகஸ்ட் 17 அன்று, யூ-ஏர் மீதமுள்ள விமானங்களோடு மறுபடி பறக்கத் தொடங்கியது. அவசரம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. அனுமதி கொடுத்தபோது அலுவலகம் போட்ட நிபந்தனைகள்தான் கவனிக்க வேண்டியவை. ஒன்று, இன்னும் அதிக உயரத்தில் பறக்க வேண்டும். இரண்டு, விமானத்தின் பாதையை ஜிபிஎஸ் கருவி பதிவு செய்ய வேண்டும். மூன்று, பயணிகள் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உயரம், தடம், எடை. இரண்டரை ஆண்டு விசாரித்து வாரியம் எந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்ததோ, ஏறக்குறைய அதே இடங்களில் இரண்டு வாரத்துக்குள் ஒட்டுப் போடப்பட்டுவிட்டது. எங்கே ஒழுகும் என்று தெரியாமல் ஒட்டுப் போட முடியாது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பதிவுக் கருவி அதற்கு முந்தைய கோடையில் வைக்கப்பட்டிருந்தால், ஆறில் ஒன்று என்ற அந்த எண் எவர் மேசைக்காவது வந்திருக்கும்.

நவம்பரில் அடுத்த அடி. விழுந்த விமானத்தின் சிதைவுகளில் கண்ட அரிப்பும் விரிசலும், 1939-இல் அதோடு வாங்கிய மற்ற இரண்டிலும் இருக்கக்கூடும் என்று வாரியம் எச்சரித்ததும், அலுவலகம் 2018 நவம்பர் 16 அன்று அவற்றைத் தரையில் நிறுத்தியது. ஜெர்மனியிலும் லுஃப்தான்சா விமான நிறுவனம், பல்லாண்டுகள் தன் பெருமையாகப் பறக்கவிட்ட யூ-52-க்கான ஆதரவை 2019-இல் முடித்துக்கொண்டது.

2019 மார்ச் 12 அன்று அலுவலகம் முடிவைச் சொன்னது: யூ-52-இல் இனிக் கட்டணப் பயணிகளை ஏற்ற அனுமதி இல்லை. தனிப்பட்ட பறப்பு, அதாவது சங்கத்து உறுப்பினர்களோடு பறப்பது, நிபந்தனைகளோடு நடக்கலாம். பழைய விமானத்தின் அபாயம் தெரிந்து ஏறுகிறவரையும், பிறந்தநாள் பரிசாக வந்த டிக்கெட்டோடு ஏறுகிறவரையும் அரசு இந்த முடிவில் வேறுவேறு ஆட்களாகப் பார்த்தது. உறுப்பினர்களுக்காவது பறக்கவிட, இரண்டு விமானங்களையும் ஆணிவரை பிரித்துப் புதுப்பிக்கத் திட்டம் போட்டார்கள். இறக்கைகள் கழற்றப்பட்டன. செலவு ஏறிக்கொண்டே போனது. பிறகு திட்டம் கைவிடப்பட்டது.